வெளிறிய கறுப்பு டிரிம்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

காரின் வெளிப்புறத்தில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக், வினைல், ரப்பர் பாகங்கள், அதாவது டிரிம், சாம்பல் பூத்துப்போவதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: கார் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. பம்பரின் அடிப்பகுதி, வீல் ஆர்ச், கதவோர மோல்டிங் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. டிரிமைக் கறுப்பாகக் காட்டும் டிரெஸ்ஸிங் திரவம் ஒன்றை வாங்கித் தடவினேன். புதிது போல மின்னியது. முதல் மழையிலேயே வழிந்து கதவெல்லாம் அழுக்குக் கோடு. எனக்கு விற்றது போலியா?

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அசல் டிரெஸ்ஸிங்கும் இப்படித்தான் வழியும், சுத்தம் செய்யாத பரப்பில் அதிகமாகத் தடவினால்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. சாம்பல் பூத்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்த கருங்கல்லைப் போல அந்த இடம் உடனே கறுத்துவிட்டால், நிறம் போகவில்லை என்று பொருள். இந்த பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் கலவை. அதற்குக் கறுப்பைத் தருவது கார்பன் பிளாக். அது வெயிலில் வெளுக்கிற சாயம் அல்ல. புற ஊதாக் கதிரைத் தடுப்பதே அதுதான். கெட்டுப்போவது அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக். வெயில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது, பாதுகாப்புக்காகக் கலந்த ஸ்டெபிலைசர் தீர்ந்துபோகிறது, மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. உள்ளே நிரப்பியாகக் கலந்திருக்கும் டால்க் தூள் வெளியே வருகிறது. அந்த வெடிப்பும் தூளும் ஒளியைச் சிதறடிப்பதுதான் சாம்பலாகத் தெரிகிறது. தண்ணீரோ எண்ணெயோ வெடிப்பை நிரப்பினால் ஒளி சிதறாது, மறுபடி கறுப்பு. கடையில் கிடைக்கும் எந்தப் பாட்டிலும் அடிப்படையில் செய்வது இந்த நிரப்பல்தான். எதை வைத்து நிரப்புகிறது, அது எவ்வளவு நாள் தங்கும் என்பதில்தான் வித்தியாசம்.

நனைத்த பிறகும் வெள்ளையாகவே இருந்தால் அது வேறு பிரச்சினை. மேலே மெழுகோ வேறு படிவோ உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தனிப் பதில் கீழே இருக்கிறது.

நீங்கள் வாங்கியது சிலிகான் எண்ணெய் அடங்கிய டிரெஸ்ஸிங். தண்ணீர் அடிப்படையில் வருபவற்றில் எண்ணெயையும் நீரையும் கலந்து வைக்க ஒரு எமல்சிஃபையர் இருக்கும். நன்றாக உலர்வதற்கு முன் மழை பட்டால் அது மீண்டும் கரைந்து எண்ணெயையும் இழுத்துக்கொண்டு ஓடும். போகிற வழியில் தூசியையும் சேர்த்துக்கொள்ளும். அடியில் பழைய மெழுகும் அழுக்கும் இருந்தால் எண்ணெய் பிளாஸ்டிக்கைத் தொடவே தொடாது. தடவி 10 நிமிடம் கழித்து, உலர்ந்த துணியால் ஒட்டாத அளவுக்குத் துடைத்து எடுத்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. பளபளப்பு குறைகிறதே என்று துடைக்காமல் விடுபவர்கள்தான் அதிகம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அந்த பாகம் மின்னவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: டிரெஸ்ஸிங், டிரிம் ரெஸ்டோரர், செராமிக் டிரிம் கோட்டிங் என்று மூன்று வகை கிடைக்கிறது. ஒன்றின் மேல் "பல ஆண்டு உத்தரவாதம்" என்றும் போட்டிருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: கையில் இருக்கும் டிரிமின் நிலையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். லேபிளைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

டிரெஸ்ஸிங் சில நாளிலிருந்து சில வாரம் வரை தாங்கும். லேசாக மட்டும் மங்கிய, இன்னும் நல்ல நிலையில் உள்ள பாகத்துக்கும், வண்டியை விற்பதற்கு முன் படம் எடுக்கவும் போதும். இதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல முடியாது.

ரெஸ்டோரர் என்று விற்பதில் இரண்டு சரக்கு ஒளிந்திருக்கிறது. ஒன்று, அதே டிரெஸ்ஸிங் கொஞ்சம் கெட்டியாக. இன்னொன்று, கறுப்பு நிறமியோ சாயமோ கலந்தது. வெடிப்புக்குள் புகுந்து தங்கும். பின்னதுதான் காசுக்குப் பயன். கண்டுபிடிப்பது சுலபம்: வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். கறுப்புக் கறை விழுந்தால் நிறமி இருக்கிறது. தெளிவான எண்ணெய் வட்டம் மட்டும் என்றால் நீங்கள் டிரெஸ்ஸிங்குக்கு வேறு பெயரில் காசு கொடுத்திருக்கிறீர்கள். நிறமி உள்ளவை மாதக் கணக்கில் தாங்கும். மாவு பூத்தது போல ஆகிவிட்ட, நனைத்தாலும் முழுக் கறுப்பு வராத பழைய பிளாஸ்டிக்குக்கு இதுதான் பொருத்தம். ஆனால் கையிலும் பெயின்டிலும் கறை பிடிக்கும். கையுறை போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

செராமிக் டிரிம் கோட்டிங் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து கெட்டியாகும் மெல்லிய படலம். ஒழுங்காகப் போட்டால் ஓர் ஆண்டு, நிழலில் நிற்கும் வண்டியில் இரண்டு ஆண்டுகூடத் தாங்கும். பெரும்பாலானவற்றில் நிறமி கிடையாது. ஆகவே, தண்ணீர்ச் சோதனையில் நன்றாகக் கறுக்கும் பிளாஸ்டிக்கில் அருமையாக வேலை செய்யும். தூளாக உதிரும் பிளாஸ்டிக்கில் அந்தத் தூளோடு சேர்த்துத்தான் ஒட்டிக்கொள்ளும். "முதலில் நிறமி ரெஸ்டோரர், அதன் மேல் செராமிக்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். ரெஸ்டோரரில் எண்ணெய் இருந்தால் மேல் படலம் பிடிக்காது. இரண்டையும் ஒரே தயாரிப்பாளர் சேர்த்துப் போடச் சொல்லியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, பம்பர் ஓரம், மிரர் அடி, வைப்பர் கீழ் பேனல் மட்டும் கறுப்பாக உள்ள சிறிய காருக்கு 15 மி.லி. கோட்டிங் போதும். நான்கு வீல் ஆர்ச்சும் கதவின் கீழ்ப் பகுதி முழுவதும் கறுப்பு கிளாடிங்காக (மேலே பொருத்திய பிளாஸ்டிக் உறை) உள்ள வண்டிக்கு 30 மி.லி. வேண்டும். பெரிய பாட்டில் மலிவு என்று வாங்கி வைப்பதில் லாபம் இல்லை. திறந்த பாட்டிலுக்குள் ஈரக்காற்று போய்விட்டால் வீட்டு அலமாரியிலேயே கெட்டியாகிவிடும். உள்ளே ஜெல் போலவோ படிகம் போலவோ தெரிந்தால் வண்டியில் பரிசோதிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

உத்தரவாதத்தைப் படிக்கும்போது மூன்று விஷயத்தைத் தேடுங்கள். எது நடந்தால் குறை என்று ஒப்புக்கொள்கிறார்கள்: நிறம் மங்கினாலா, தண்ணீர் முத்து முத்தாக நிற்காவிட்டாலா? ஈடாகத் தருவது என்ன: பெரும்பாலும் இன்னொரு பாட்டில்தான், உங்கள் உழைப்பு கணக்கில் வராது. எந்த முன்தயாரிப்பைச் செய்ததாக நிரூபிக்க வேண்டும்? கடைசியாகச் சொன்னதில்தான் பலருடைய புகார் விழுந்துவிடுகிறது.

லேபிள் எதையும் சொல்லாவிட்டால், தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டுப் பாருங்கள். 16 பிரிவுகளாக இருக்கும். பிரிவு 3-ல் பொருட்கள். நாப்தா போன்ற பெட்ரோலியக் கரைப்பான் பெருமளவு இருந்தால் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிரிவு 9-ல் தீப்பற்றும் வெப்பநிலை இருக்கும். ஓர் எச்சரிக்கை: அபாயப் பட்டியலில் வராத பொருளை அந்தத் தாளில் எழுத வேண்டியதில்லை. எனவே அதில் சிலிகான் பெயர் இல்லை என்பதால் பாட்டிலில் சிலிகான் இல்லை என்று ஆகாது.

கேள்வி: செராமிக் கோட்டிங்கை நானே போட்டேன். இப்போது திட்டுத் திட்டாக, சில இடம் எண்ணெய் பட்டது போலவும் சில இடம் சாம்பலாகவும் தெரிகிறது. ஏன்?

பதில்: எண்ணெய் பட்டது போலத் தெரிவது மிகுதியாகத் தேங்கிக் காய்ந்த இடம். சாம்பல் திட்டு, ஒட்டாமலே போன இடம். முன்னதற்குத் துடைப்பது பத்தவில்லை. பின்னதற்குக் கழுவுவது பத்தவில்லை.

மறுபடி போடும்போது வேலையின் பெரும்பகுதி நேரத்தைக் கழுவுவதில் செலவழியுங்கள். கார் ஷாம்பு இதற்குப் போதாது. ஆல் பர்பஸ் கிளீனரை 1 லிட்டர் தண்ணீருக்கு 100 மி.லி. என்று கலந்து, மென்மையான நைலான் பிரஷ்ஷால் வட்டமாகத் தேயுங்கள். நுரை சாம்பலாக வரும். அலசிவிட்டு மறுபடியும். நுரை வெள்ளையாக வரும்வரை, இரண்டு மூன்று தடவை. கிளீனரைப் பரப்பிலேயே காயவிடாதீர்கள். காய்ந்தால் அதுவே வெள்ளைக் கோடாகிவிடும். பிறகு உலர்த்த வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். மோல்டிங்கின் இடுக்கிலும் கிளிப் ஓட்டையிலும் தேங்கிய நீர், கோட்டிங் போட்ட அரை மணியில் மெல்லக் கசிந்து வந்து கோடு போடும். காற்றடித்து வெளியேற்றுங்கள், அல்லது குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். கடைசியாக 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஒரு துடைப்பு. இப்போது பிளாஸ்டிக் முன்னைவிட மோசமாக, வெளிறிப்போய்த் தெரிந்தால் சரியாகச் சுத்தம் செய்திருக்கிறீர்கள். உண்மை நிலை அதுதான். பழைய டிரெஸ்ஸிங் மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் மாஸ்கிங் டேப்பை ஒட்டி உரியுங்கள். பிடிப்பே இல்லாமல் நழுவினால் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

பூசுவது நிழலில், தொட்டால் சூடில்லாத பரப்பில். ஒரு நேரத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி போதும். குறுக்கும் நெடுக்குமாகத் தடவி, தயாரிப்பாளர் சொன்ன நேரம், வழக்கமாக ஒன்றிரண்டு நிமிடம், விட்டுவிட்டு வேறு துணியால் சமமாகத் துடையுங்கள். சூடான நாளில் அந்த நேரம் இன்னும் குறையும். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் தேங்கிய இடம் தெரியும். 12 முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. ஒரு வாரத்துக்கு ஷாம்பு வேண்டாம்.

இப்போது இருக்கும் திட்டுக்கு: போட்டுச் சில மணி நேரம்தான் ஆகிறது என்றால், அதே கோட்டிங்கை அந்த இடத்தில் கொஞ்சம் தடவி உடனே துடைத்தால் பழையது இளகிச் சமமாகும். வாரக் கணக்கில் ஆகிவிட்டால் ரசாயனத்துக்கு அசையாது, தேய்த்தால்தான் போகும். சொரசொரப்பான பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் அதன் வார்ப்பு வடிவமும் போய்விடும். அந்த நிலையில் திட்டோடு வாழ்வதுதான் உத்தமம். வெயிலே மெல்ல அதைச் சமப்படுத்தும். பூசிய துணிகளைத் துவைத்து எடுத்து வைக்காதீர்கள். உலர்ந்த கோட்டிங் துணியில் மணல் போலக் கெட்டியாகி, அடுத்த முறை பெயின்டைக் கீறும்.

கேள்வி: ஹீட் கன்னைக் காட்டினால் பிளாஸ்டிக் கண்முன்னே கறுப்பாகிறது. செலவே இல்லாத இந்த வழியை ஏன் யாரும் சிபாரிசு செய்வதில்லை?

பதில்: கறுப்பாவது உண்மைதான். மேல்தோல் இளகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஆனால் தீர்ந்துபோன ஸ்டெபிலைசர் திரும்பி வருவதில்லை. அதே வெயில், பாதுகாப்பு குறைந்த அதே பிளாஸ்டிக். மாதங்களில் மறுபடி சாம்பல். ஒவ்வொரு தடவையும் வார்ப்பின் சொரசொரப்பு கொஞ்சம் மழுங்கும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் போனால் பளபளத்த, தழும்பு விழுந்த முகம்தான் மிஞ்சும்.

பாலிபுரோப்பிலீன் சுமார் 160–165 டிகிரி செல்சியஸில் உருகும். ஹீட் கன் காற்று அதைவிட மிக அதிகச் சூட்டில் வரும். அதனால் ஓர் இடத்தில் நின்றால் இரண்டே வினாடியில் குழி. பக்கத்து பெயின்ட் கொப்பளிக்கும், மோல்டிங்குக்கு அடியில் இருக்கும் இருபக்க ஒட்டு டேப் விட்டுப்போகும், பம்பரில் இருக்கும் பார்க்கிங் சென்சார் கெடலாம், கண்ணாடி ஓரத்தில் சூடு ஒரே பக்கம் ஏறினால் விரிசல் விடலாம். வினைல் மேல் காட்டவே கூடாது: வினைல் என்பது பிவிசி; அது சுருங்கும், மிகச் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். பெயின்ட் அடித்த பாகத்துக்கும் இது ஆகாது.

கழற்றி மேசையில் வைக்கக்கூடிய, பெயின்ட் இல்லாத, கெட்டியான பாகம் என்றால் மட்டும், சுத்தம் செய்த பிறகு, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்டலாம். ஆறியதும் அதன் மேல் கோட்டிங் போட்டால்தான் அந்தக் கறுப்பு நிலைக்கும். கழுவாமல் சூடுகாட்டினால் அழுக்கைப் பிளாஸ்டிக்குக்குள் நிரந்தரமாகப் பதித்துவிடுவீர்கள்.

கேள்வி: கார் பாலிஷ் போடும்போது கறுப்பு டிரிமில் பட்டு வெள்ளைக் கறை. தேய்த்தும் போகவில்லை.

பதில்: மெழுகு, அதிலிருக்கும் நுண்ணிய தேய்ப்புத் தூள் இரண்டும் சொரசொரப்பின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. துணி மேட்டை மட்டும் தொடும், பள்ளத்தைத் தொடாது. கிளீனரைச் சூடான நீரில் கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். மிச்சத்துக்கு வெள்ளை அழிரப்பர் ஆச்சரியமாக வேலை செய்யும். மெலமைன் ஸ்பாஞ்ச் போக்கிவிடும், கூடவே பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் தேய்த்துவிடும். அதனால் கடைசி ஆயுதமாக வைத்திருங்கள். வழவழப்பான பாகத்தில் வேண்டாம். அடுத்த முறை பாலிஷ் போடும் முன் ஓரத்துக்கு டேப்.

கேள்வி: சமையல் எண்ணெய், ஷூ பாலிஷ், டீசல்: இவற்றில் ஏதாவது பயன்படுமா?

பதில்: எல்லாமே கறுக்கச் செய்யும், தண்ணீர் செய்கிற அதே காரணத்தால். சமையல் எண்ணெய் காற்றில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும், வெயிலில் சிக்குப் பிடித்துப் பிசினாகும். பிறகு கழுவி எடுப்பது தனி வேலை. ஷூ பாலிஷ் மெழுகில் சாயம். வெயிலில் இளகி உடையில் ஒட்டும். டீசல் ரப்பரை ஊதவைக்கும், பெயின்டுக்கும் நல்லதல்ல. இவற்றைத் தடவிய பாகத்தில் பிறகு கோட்டிங்கோ பெயின்டோ ஒட்டவைப்பது இரட்டிப்பு வேலை என்பதுதான் பெரிய நஷ்டம்.

கேள்வி: பம்பரின் கறுப்புப் பகுதிக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். மூன்றே மாதத்தில் தோல் போல உரிந்து வருகிறது. நல்ல கம்பெனி பெயின்ட்தான்.

பதில்: பெயின்டைக் குறை சொல்ல முடியாது. பாலிபுரோப்பிலீன் மேல் எதுவும் இயல்பாக ஒட்டாது; பசைகூட ஒட்டாத பிளாஸ்டிக் அது. இடையில் பிளாஸ்டிக் அடிஷன் புரோமோட்டர் என்ற தெளிவான பூச்சு வேண்டும். உலோகத்துக்கான சாதாரண பிரைமர் அந்த வேலையைச் செய்யாது. உரிந்து வந்த பெயின்டின் உட்புறத்தைப் பாருங்கள். அது வழவழவென்று, பிளாஸ்டிக்கின் அச்சோடு முழுத் தாளாக வந்தால் பிடிப்பே ஏற்படவில்லை. சிறு சிறு புள்ளியாகச் சிதறியிருந்தால் கல்லடி.

என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ளப் பாகத்தின் பின்புறத்தில் > < என்ற குறிகளுக்கு நடுவே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஐஎஸ்ஓ 11469 தரத்தின்படி போடும் குறி அது. "பிபி + இபிடிஎம் – டிடி20" என்றால் ரப்பர் கலந்த பாலிபுரோப்பிலீன், 20 சதவீதம் டால்க். தண்ணீரில் மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக் என்று பட்டறையில் சொல்லும் சோதனையை இங்கே நம்ப வேண்டாம். டால்க் 20 சதவீதம் கலந்த பிபி தண்ணீரைவிடக் கனம், அதுவும் மூழ்கும்.

திருத்துவதற்கு, ஒட்டாத பெயின்ட் முழுவதையும் எடுக்க வேண்டும். உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் பக்கத்து இடம் அடுத்த மாதம் உரியும். அகலமான டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தாலே பெரும்பகுதி வந்துவிடும், தின்னர் வேண்டாம். பிறகு மெழுகு–எண்ணெய் நீக்கி: ஒரு துணியால் ஈரமாகத் தடவி, அது ஆவியாகும் முன் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரே துணி என்றால் சிலிகானை இடம் மாற்றுகிறீர்களே தவிர எடுப்பதில்லை. சிலிகான் மிச்சம் இருந்தால் பெயின்டில் மீன்கண் போலக் குழி விழும். சாம்பல் நிற நார்ப் பட்டையால் லேசாக மங்கவையுங்கள். உப்புத்தாள் போட்டால் இந்தப் பிளாஸ்டிக் மயிர் எழும்பும். புரோமோட்டர் மெல்லிய இரண்டு பூச்சு. அதன் மேல் பெயின்ட் அடிக்க வேண்டிய நேரம் டின்னில் இருக்கும். அதைத் தாண்டினால் புரோமோட்டரை மறுபடி அடியுங்கள். பெயின்ட் வளையக்கூடிய டிரிம் பெயின்டாக, மேட் அல்லது சாட்டினாக இருக்கட்டும். 20–25 செ.மீ. தூரத்தில் மெல்லிய பூச்சு மூன்று, இடையே 10 நிமிடம். ஒரே பூச்சில் மறைக்கப் பார்த்தால் சொரசொரப்பின் பள்ளம் நிரம்பி பிளாஸ்டிக் பொம்மை போலாகிவிடும்.

பெயின்ட் என்பது திரும்பி வர முடியாத வழி. ஒருமுறை அடித்தால் கோட்டிங்குக்கோ நிறமி ரெஸ்டோரருக்கோ இனி அங்கே வேலை இல்லை. ஆகவே அதைக் கடைசிக்கு முந்தின தேர்வாகத்தான் நாங்கள் சொல்வோம்.

கேள்வி: கதவுக் கண்ணாடி ஓர பீடிங், கதவுக் கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள தூண்களில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஸ்டிக்கர், வினைல் மோல்டிங் இவற்றுக்கும் இதே மருந்துதானா?

பதில்: மூன்றும் மூன்று பொருள்.

கதவைச் சுற்றியிருக்கும் மெத்தென்ற பீடிங் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். அதில் வெண்மை பூப்பது பல நேரம் ரப்பருக்குள் கலந்த மெழுகு, பாதுகாப்புப் பொருட்கள் வெளியே வருவதுதான்; சோப்பு நீரில் துடைத்தால் போகும். பிறகு சிலிகான் கிரீஸை விரல் நுனியளவு எடுத்து மெல்லியதாகத் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி, எஞ்சின் ஆயில், டபிள்யூடி-40 வேண்டாம். கனிம எண்ணெய் இபிடிஎம்மை ஊதி இளகவைக்கும்.

வினைல், அதாவது மென்மையாக்கிய பிவிசி. அதை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் வருடக் கணக்கில் வெளியேறி, அது விறைத்துச் சுருங்கி வெடிக்கிறது. "வினைலுக்கு ஊட்டம் தரும்" என்று எந்தப் பாட்டில் சொன்னாலும், போன பிளாஸ்டிசைசரை அது திரும்ப உள்ளே செலுத்தாது. செய்யக்கூடியது, இருப்பதைக் காப்பாற்றுவது: மிதமான சோப்பு நீர், புற ஊதாத் தடுப்பு உள்ள தண்ணீர் அடிப்படையிலான பூச்சு. ஆல்கஹால், தின்னர் இரண்டும் பிளாஸ்டிசைசரை இன்னும் உறிஞ்சும். பிளாஸ்டிக்குக்கு மேலே சொன்ன ஆல்கஹால் துடைப்பை இங்கே தவிர்த்துவிடுங்கள். நிறம் மட்டும் போய் வளைவு இன்னும் இருந்தால் வினைலுக்கென்றே உள்ள கலர் ஸ்பிரே பிடிக்கும். வெடித்துவிட்டால் மாற்றுவதுதான். கூரை வினைல் உப்பலாக எழும்பியிருந்தால் அடியில் தகடு துருப்பிடிக்கிறதா என்று பாருங்கள். மேலே எதைப் பூசினாலும் அது நிற்காது.

தூண்களில் இருப்பது ஒட்டுப் படம். வெளுத்தால் உரித்துப் புதியது ஒட்டுவதே மலிவு. தலைமுடி உலர்த்தியால் சூடுகாட்டி, செங்குத்தாக இழுக்காமல் பரப்போடு ஒட்டி மடக்கி மெதுவாக உரித்தால் பசை குறைவாகத் தங்கும்.

கேள்வி: தூண்களில் ஸ்டிக்கர் இல்லை, கண்ணாடி போல மின்னும் கறுப்பு பிளாஸ்டிக். முழுக்கச் சிலந்திவலைக் கீறல்.

பதில்: இதற்கு டிரிம் பொருட்கள் எதுவும் வேண்டாம். பெயின்டுக்குப் போடும் நுண் பாலிஷ், மென்மையான ஃபோம் பேட், குறைந்த வேகம். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது என்பதால் தகட்டைவிட வேகமாகச் சூடேறி முகம் கலங்கும்; சில வினாடிக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். சொரசொரப்பான டிரிமுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: டீடெயிலிங் கடையில் டிரிம் கோட்டிங்குக்குத் தனியாகக் கட்டணம் கேட்கிறார்கள். கொடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: எந்தப் பொருள் போடுகிறார்கள் என்று பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். எந்தெந்த பாகம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். "எல்லா டிரிமும்" என்பதில் ரூஃப் ரெயிலும் வைப்பர் கீழ் பேனலும் விட்டுப்போகும். வைப்பர் பேனலில் டிரெஸ்ஸிங் போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். மழையில் அது முன்கண்ணாடிக்கு வந்து படலமாகி, வைப்பர் தத்தித் தத்திப் போகும், இரவில் எதிர் விளக்கு மங்கலாய்ச் சிதறும். போட்ட பிறகு வண்டி எத்தனை மணி நேரம் உள்ளே நிற்கும் என்று கேளுங்கள். அரை மணியில் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது பெரும்பாலும் கோட்டிங்காக இருக்காது.

முன்கூட்டியே ஒரு நிபந்தனையும் பேசிக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்து, பார்வைக்குப் படாத மூலையில் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பீர்கள். அந்த இடம் சாம்பலானால் பணம் திருப்பித் தர வேண்டும். கெட்டியான கோட்டிங் அசையாது, டிரெஸ்ஸிங் கையோடு வந்துவிடும். இதைச் சொன்ன உடனே முகம் மாறும் கடையை அப்போதே விட்டுவிடலாம்.

கேள்வி: பழைய கார் பார்க்கப் போகிறேன். டிரிம் எல்லாம் புத்தம் புதிதாகக் கறுத்திருந்தால் சந்தேகப்பட வேண்டுமா?

பதில்: எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கறுப்பாக இருந்தால், விற்பனைக்காகப் பூசியது என்பதைத் தவிரக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு மூலை மட்டும் வேறு சொரசொரப்போ வேறு கறுப்போ என்றால் அந்தப் பாகம் மாற்றப்பட்டிருக்கலாம். டிரிமின் ஓரத்தில் வண்டியின் நிறப் பெயின்ட் துளி படிந்திருந்தால் பக்கத்துப் பேனலுக்கு மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள். கழற்ற வசதி இருந்தால் பாகத்தின் பின்புறம் பாருங்கள். பல பாகங்களில் கடிகாரம் போன்ற சிறு வட்ட முத்திரை இருக்கும். நடுவில் ஆண்டு, அம்புக்குறி காட்டுவது மாதம். வண்டி 2016, பம்பர் 2021 என்றால் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது.

கேள்வி: எப்போது மாற்றிவிடுவது நல்லது?

பதில்: விரிசல், கோணல், உடைந்த கிளிப் காது, விரலால் தேய்த்தால் கறுப்புத் தூள் உதிர்வது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பூச்சுக்குச் செலவழிக்காதீர்கள். மிரர் அடி, கண்ணாடி ஓர மோல்டிங் போன்ற சிறிய பாகங்களுக்கு, கிளீனர், பாட்டில், துணி, உங்கள் ஒரு நாள் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் புதியது மலிவாக வருவது உண்டு. பெரிய கிளாடிங்குக்குக் கணக்கு தலைகீழ்.

பாகத்தோடு கிளிப்பும் கேட்டு வாங்குங்கள். பழைய கிளிப் கழற்றும்போதே பாதி உடையும்; உடையாததும் பிடிப்பு விட்டிருக்கும். தேவையான எண்ணிக்கைக்கு மேல் இரண்டு மூன்று கூடுதலாக இருக்கட்டும். மாற்றுத் தயாரிப்பு என்றால் பழைய பாகத்தின் பக்கத்தில் வைத்துச் சொரசொரப்பையும் பின்புறக் குறியையும் ஒப்பிடுங்கள். பின்னால் பொருளின் குறியே இல்லாத பாகத்தை நாங்கள் வாங்கமாட்டோம். புதியதைப் பொருத்துவதற்கு முன் மேலே சொன்ன அதே கிளீனரில் ஒருமுறை கழுவுங்கள், வார்ப்பிலிருந்து எளிதாகக் கழன்று வர அடித்த வழுக்குப் பொருள் அதில் இன்னும் இருக்கும். ஆல்கஹாலால் துடைத்து, மேசையில் வைத்தே கோட்டிங் போட்டு, மறுநாள் வண்டியில் மாட்டுங்கள்.